எர்த்

ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஏறுகிறது.
விட்டால் இறங்குகிறது.
ரேடியோவில் செய்தி வாசிப்பவருக்குப் பின்னால்
யாரோ ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு
ஈ என்று இழுப்பதுபோல்.

பகலெல்லாம் எனக்கு இதே வேலை.
கீழ்ப்பாக்கத்தில், பஞ்சு ஒட்டிய அறைக்குள்
ஆளை உட்காரவைத்து
கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து சத்தம் அனுப்புவேன்.
கேட்டால் பட்டனை அமுக்குங்க.
கேட்காதபோதும் அமுக்குபவர்கள் உண்டு,
மனசு கேட்காமல்.

அதனால் வண்டியையும் சும்மா விடவில்லை.
பெட்ரோல் பில்லின் பின்புறம் குறித்துவைத்தேன்:
என்ஜினை அணைத்து ரேடியோ மட்டும் – இல்லை.
என்ஜின் ஓட, ஏரியலைப் பிடுங்கி – இருக்கிறது.
போன் சார்ஜரைக் கழற்றினால் கொஞ்சம் குறைகிறது,
அல்லது குறையவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.
வைப்பர் போட்டால் கூடவே ஒரு டிக்.
வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் இருக்கிறது.
கடைசி வரிக்கு இரண்டு அடிக்கோடு.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில்
சீட் கவர் கடைகளுக்கு நடுவே
ஒன்றரை ஆள் அகலக் கடை, தஸ்தகீருடையது.
பில்லை வாங்கிப் படித்தார்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
"யாரும்மா எழுதுனது?"
"நான்தான்."
"டாக்டரா?"
"காது டெஸ்ட் எடுக்கறவ."
"அப்ப நீங்களே கேளுங்க" என்று
சிரிக்காமல் டாஷ்போர்டைக் கழற்றினார்.

அவர் ஒவ்வொன்றாய்ப் பிடுங்க
நான் ஸ்பீக்கரில் காதை வைத்து,
இருக்கு. இருக்கு. இருக்கு.
பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது.
அதற்கும் இருக்கு என்றேன்.

ஆம்ப்ளிஃபயர் ஓட்டுநர் சீட்டுக்கு அடியில்.
அங்கிருந்து கறுப்பு ஒயரைப் பிடித்தபடி போன விரல்
கார்ப்பெட்டைத் தூக்கியது.
ஒரு போல்ட்.
கருவாட்டு நிறத்தில் துரு.
சுற்றிலும் சாம்பல் மண், காய்ந்து வெடித்து,
அதற்குள் ஒரு நத்தைக்கூடு,
மிளகு அளவு.

தஸ்தகீர் ஒன்றும் சொல்லவில்லை.
சீட் பெல்ட்டை இழுத்தார்.
நான் தினமும் இழுக்கும் நீளம் வரை சுத்தம்.
அதையும் தாண்டி இழுத்தார்.
யாரும் இழுக்காத கடைசி முழத்தில்
சேறு, மடிப்பு மடிப்பாய்.

"எர்த் சரியில்ல.
எந்த வருஷத்து மழைன்னுதான் தெரியல."

பள்ளிக்கரணையில், தன் வீட்டு வாசலில்,
சாவியை என் கையில் வைத்துச் சாரங்கன் சொன்னார்:
தண்ணியே பார்க்காத வண்டி மேடம்.
காது கொடுத்துத்தான் கேட்டேன்.
அவர் வீட்டுச் சுவரில்
இடுப்பு உயரம்வரை மட்டும் புதுப் பெயிண்ட்.
கண் பார்த்தது.
காதிடம் சொல்லவில்லை.

உப்புத்தாள். ஒரு நிமிடச் சுரண்டல்.
துருவுக்கு அடியில் இரும்பு பளிச்சென்று இருந்தது,
அதற்கு எதுவுமே நடக்காததுபோல.
புது வாஷர், இறுக்கம், ஒரு விரல் கிரீஸ்.
"இப்ப மிதிங்க."
மிதித்தேன். நம்பாமல் இன்னும் மிதித்தேன்.
செய்தி வாசிப்பவர் மட்டும்.
நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு
நத்தைக்கூட்டை என்னிடம் கொடுத்தார்,
மீதிச் சில்லறைபோல.

அண்ணா சாலை. மெட்ரோ தடுப்புகள்.
சத்தம் காலி செய்த இடத்தில்
என்னென்னவோ குடிவந்திருக்கின்றன:
ஏசிக்குள் ஒரு சருகு,
பின் கதவின் நடுக்கம்,
மூக்கால் நான் விடும் மூச்சு.

ஸ்பென்சர் சிக்னலில் போன்.
நாலு ஸ்பீக்கரிலும் சாரங்கன்.
எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கிறது.
"வண்டி எப்படி ஓடுது மேடம்?
அந்த மீதி இருபதாயிரம்…"

பச்சை விழுந்தது.
பின்னால் இருப்பவர்கள் அலறத் தொடங்கினார்கள்.
"சொல்லுங்க," என்றேன்,
"இப்பத்தான் தெளிவா கேட்குது."